குறுக்கு வயர்

"நேத்து சொன்னேன்ல, நாளைக்குக் காலையில ஒன்பது மணி. ரெடியா இருங்க."

இவ்வளவுதான் சொன்னாள் மனைவி. செருப்பை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள். நம் கதாநாயகருக்கு வாயில் இருந்த டீ உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நேற்று அவள் என்ன சொன்னாள் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் அதற்குத் தான் "ம்" என்று சொன்னது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

'இதென்ன பிரமாதம், ஒரு போன் போட்டுக் கேட்டால் போச்சு' என்று நீங்கள் சொல்லலாம். உங்களுக்கு அந்த அம்மாளைத் தெரியாது, அதனால் சொல்கிறீர்கள். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவள் வார்டுக்குள் நுழைந்தால் எழுந்து நடமாடுகிற நோயாளிகூட ஓடிப்போய்ப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்கு வந்தால், போர்த்திக்கொள்ள அங்கே ஒரே ஒரு ஆள்தான்.

போன தடவையும் இப்படித்தான். எதற்கென்றே தெரியாமல் ஒரு "ம்" சொன்னார். ஆஸ்பத்திரி ஆண்டு விழா மேடையில் கொண்டுபோய் நிறுத்திப் பாடச் சொல்லிவிட்டார்கள். பாடினார். முன்வரிசையில் இருந்த டாக்டர்கள் இரண்டு பேர் பதறிப்போய் நாடி பிடித்துப் பார்க்க மேடைக்கே வந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "நீ சொன்னது காதுல விழலைம்மா" என்று உண்மையைச் சொன்னார். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அப்படியா? அப்ப காதுலதான் கோளாறு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எங்க ஆஸ்பத்திரியிலயே காதைக் கழுவிடலாம். அதுக்குன்னு ஒரு பீச்சாங்குழல் இருக்கு" என்று சாந்தமாகச் சொல்லி, இரண்டு கையையும் விரித்து அளவு காட்டினாள். அந்த அளவு அன்றிலிருந்து அவர் கனவில் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே போன் போட்டுக் கேட்கிற பேச்சே கிடையாது.

சரி, அந்த "ம்" எங்கிருந்து வந்தது? அது அவருடைய தொழில் கொடுத்த வியாதி.

மெஷினுக்கும் மெஷினுக்கும் வயர் போட்டுப் பேச வைப்பது அவர் வேலை. எடை மெஷினையும் சீட்டு அடிக்கிற பிரிண்டரையும் ஜோடி சேர்ப்பார். இந்த மெஷின்கள் இருக்கின்றனவே, நம்மைவிட மரியாதை தெரிந்தவை. ஒன்று பேசுவதற்கு முன்னால் ஒரு வயரில், 'சொல்லலாமா?' என்று கேட்கும். எதிரில் இருப்பது வேறொரு வயரில், 'சொல்லு' என்னும். கேட்டுக்கொள்கிற மெஷினுக்கு மண்டை நிரம்பிவிட்டால், 'கொஞ்சம் பொறு' என்று அந்த 'சொல்லு' வயரை அடக்கிவிடும். உடனே சொல்கிறது வாயை மூடிக்கொண்டு நிற்கும். தொழிலில் இதற்குக் கைகுலுக்கல் என்று பெயர். கல்யாணமான மனிதர்களுக்கு இப்படி ஒரு வயரை வைக்காமல் விட்டது கடவுளின் கவனக்குறைவு என்பது நம்மவருடைய நெடுநாளைய மனக்குறை.

சில பழைய பிரிண்டர்களில் 'சொல்லு' என்கிற வயரே இருக்காது. எடை மெஷின், 'சொல்லலாமா, சொல்லலாமா' என்று காத்துக் கிடக்கும். அப்போது மெக்கானிக்குகள் ஒரு தில்லுமுல்லு செய்வார்கள். 'சொல்லலாமா?' என்று கேட்கிற வயரையும் பதில் வருகிற வயரையும் எடை மெஷின் பக்கமே ஒன்றாக முறுக்கி இணைத்துவிடுவார்கள். அதுதான் குறுக்கு வயர். இனி மெஷின் 'சொல்லலாமா?' என்றால், அதன் குரலே 'சொல்லு' என்று அதற்குத் திரும்பி வரும். அதற்கு ஒரே சந்தோஷம், கொட்டித் தீர்த்துவிடும். எதிரில் இருப்பது வாங்கிக்கொண்டதா இல்லையா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அதே குறுக்கு வயரைத்தான் மனிதர் வீட்டிலும் போட்டு வைத்திருந்தார். மனைவி மூச்சு வாங்குகிற இடத்தில் எல்லாம் தானாக ஒரு "ம்" போகும். மூளைக்குத் தகவலே வராது. வருஷக்கணக்காக வீடு நிம்மதியாக ஓடியது.

இன்றைக்கு அந்த நிம்மதி போயிற்று. அவர் பயந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. வீட்டின் பின்னால் ஒரு சின்ன அறை. உலகத்தில் அவருக்கென்று இருக்கிற இடம் அது ஒன்றுதான். உயிர் போன பிரிண்டர்கள், வயர்ச் சுருள்கள், ஒரு முக்காலி. அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அவர் ராஜா. அந்த அறையைப் பார்க்கும்போதெல்லாம் மனைவி, "பாவம், எங்கம்மா அங்க தனியா இருக்காங்க" என்று ஒரு பெருமூச்சு விடுவாள். அதற்குமேல் பேசமாட்டாள். நேற்று மேலே பேசியிருப்பாளோ? அதற்குத்தான் "ம்" சொல்லித் தொலைத்தேனோ?

ஒரு மூட்டைக் கிடங்குக்கு வேலைக்குப் போனார். அங்கேயும் விதி காத்திருந்தது.

"யோவ், இங்க வாய்யா!" என்று கிடங்கு முதலாளி வாசலுக்கே வந்துவிட்டார். "வரிசையா மூட்டையை எடை போட்டேன். பாதி மூட்டைக்குத்தான் சீட்டு வந்திருக்கு. நடுவுல உள்ளதை எல்லாம் உன் பிரிண்டர் தின்னுடுச்சா?"

கழற்றிப் பார்த்தார். அவரே போன மாதம் போட்ட குறுக்கு வயர். பிரிண்டருக்கு மண்டை நிரம்பியது தெரியாமல் எடை மெஷின் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பிரிண்டரைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தன்னையே பார்ப்பது போல இருந்தது.

கூட வேலை செய்கிறவருக்கு ஈயம் என்று பட்டப்பெயர். எதையும் பற்றவைத்துவிடுவார். அவர் அருகில் வந்தார். "என்னண்ணே, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

நம்மவர் விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்கா இப்படி நடுங்கறீங்க? நேராப் போய்க் கேளுங்க."

"பீச்சாங்குழல் இருக்குப்பா!"

"அதுவும் சரிதான்." ஈயம் யோசித்தார். "அண்ணே, என்ன வேகத்துல பேசுதுன்னு தெரியாத மெஷின் வந்தா நாம என்ன பண்ணுவோம்? ஒவ்வொரு வேகமா வச்சுப் பார்ப்போம். தப்பான வேகத்துல எல்லாம் கிறுக்கலா வரும். சரியானதை வச்சதும் எழுத்து பளிச்சுன்னு வந்துடும். அதே மாதிரி போங்க. இதுதானே, அதுதானேன்னு ஒவ்வொண்ணா எடுத்து விடுங்க. அண்ணி முகம் எதுக்குப் பளிச்சுன்னு ஆகுதோ, அதுதான் விஷயம்."

நம்மவருக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. ஈயத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அடடா, என்ன யோசனை!

சாயங்காலம் வீட்டுப் படியேறும்போது மாடி வீட்டு டீச்சரம்மா எதிரே இறங்கி வந்தார். "நாளைக்கு ஒன்பது மணியாமே? தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனார். திரும்பி வந்த பாதி உயிரும் படியிலேயே நின்றுவிட்டது.

உள்ளே மனைவி அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை எதற்கு? வெள்ளை உடுத்தி ஆளை எங்கே படுக்க வைப்பார்கள்? இருந்தாலும் முதல் வேகத்தை வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, நாளைக்கு... ஆஸ்பத்திரி விஷயம்தானே?"

இஸ்திரிப் பெட்டி நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் பளிச்சென்று ஆனது. "ம்" என்றாள்.

"எனக்குத் தலையிலேருந்து கால் வரைக்கும் பரிசோதனை. அதானே?"

"ம்."

"ரத்தம்கூட எடுப்பாங்கல்ல?"

"ம். அப்புறம்?"

"அப்புறம்னா?"

"அவ்வளவுதானா சொன்னேன்? மீதியையும் நீங்களே சொல்லுங்க. காது எப்படி இருக்குன்னு பாக்கறேன்."

காது! அந்த வார்த்தை விழுந்ததும் மனிதருக்கு இரண்டு காதும் குறுகுறுத்தன. எதையாவது சொல்லியே ஆகவேண்டும்.

"ஞாயித்துக்கிழமை சீட்டுக் கச்சேரியை விட்டுடறதுன்னு..."

முகம் இன்னும் பளிச்சென்று ஆனது. "ம்."

"முழுசாவா?"

"ம். அப்புறம்?"

எல்லாமே எப்படிச் சரியாக வரும் என்று அவர் ஒரு கணம் நின்று யோசித்திருக்கலாம். எந்த வேகம் வைத்தாலும் எழுத்து பளிச்சென்று வந்தால் அந்த மெஷினில் ஏதோ வில்லங்கம் என்று தொழிலுக்கு வந்த புதிதிலேயே தெரிந்துவிடும். ஆனால் பயந்தவனுக்கு எங்கே ஐயா யோசனை ஓடும்? அவள் "அப்புறம்?" என்று கேட்கக் கேட்க இவர் கொட்டிக்கொண்டே போனார். குறட்டைக்கு மருந்து, மீசைக்குக் கத்தரி, அவள் தம்பி கல்யாணத்துக்குப் பரிசாகக் கேட்டு இவர் வாங்கித் தராத மிக்ஸி, எல்லாம் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு "ம்" கிடைத்தது.

"அப்புறம்?"

பாக்கி இருந்தது ஒன்றுதான். அவர் பின்னறைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தப் பின் ரூம்... காலி பண்ணி... உங்கம்மாவுக்கு..."

"ம்" வரவில்லை. கண்ணைத் திறந்தார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நிஜமாவா சொல்றீங்க?"

"நேத்தே சொல்லிட்டேனே. ம்னு."

அவள் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

அதுதான் விஷயம் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. ஒன்பது மணிக்கு மாமியார் வருகிறார். ஒவ்வொரு பிரிண்டராகத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் அடுக்கினார். தான் முதன்முதலில் ஜோடி சேர்த்த எடை மெஷினைத் தூக்கும்போது அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. முக்காலியை மட்டும் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றார். கடிகாரம் ஒன்பது அடித்தது. மனைவி காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது ஆச்சு" என்றார்.

"ஆச்சு."

"யாரும் வரலையே?"

"யாரு வரணும்?"

"என்ன விளையாடறியா? நீதானே ஒன்பது மணி, ரெடியா இருன்னே?"

அவள் பேப்பரை மடித்தாள். "ஒன்பது மணிக்கு ஒண்ணுமே இல்லைங்க. அன்னிக்கு நான் எதுவும் சொல்லவே இல்லை. உங்க எதிர்ல உக்காந்து வாயை மட்டும் அசைச்சேன். சத்தமே வரலை. நீங்க பாட்டுக்கு ம், ம்னு சொல்லிட்டே இருந்தீங்க. நடுவுல தலையை வேற ஆட்டினீங்க. சரி, என்னதான் ஆகுதுன்னு பாப்போம்னு மறுநாள் சும்மா ஒரு ஒன்பது மணியைச் சொல்லி வச்சேன். மாடி வீட்டு டீச்சரம்மாவுக்கு மட்டும் தெரியும்."

"அப்ப நேத்து நான் சொன்னதுக்கெல்லாம் ம், ம்னியே!"

"நீங்க சொன்னீங்க. நான் ம்னேன். இத்தனை வருஷமா இந்த வீட்டுல அதுதானே நடக்குது?"

அவருக்கு முதலில் கோபம் வரப் பார்த்தது. அதைத் தள்ளிக்கொண்டு ஆனந்தம் வந்தது. "அப்படின்னா... ரூம்! ரூம் என்னோடதுதான்!" மாடிப்படியை நோக்கி ஒரே தாவு தாவினார்.

"இருங்க." அவள் குரல் தணிந்திருந்தது. "மத்ததெல்லாம் விளையாட்டு. ரூமை நான் கனவுலகூடக் கேட்டிருக்க மாட்டேங்க. கேட்டா நீங்க எப்படித் தவிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? நீங்களாச் சொன்னதும் எனக்கு என்னவோ ஆயிடுச்சு. அம்மாவுக்குப் போன் பண்ணி, 'நான் கேக்கலைம்மா, அவரே உங்களைக் கூப்பிடறாரு'ன்னேன். அம்மா ஓன்னு அழுதுட்டாங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க. நான் எதையாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பக்கம் மாடிப்படியைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். வந்தது வேறு வார்த்தை. பயமா, பாசமா என்று அவருக்கே தெரியாது.

"வரட்டும்" என்றார். "நாலு நாள் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்."

"நல்லாக் கேட்டுக்குங்க. பதினோரு மணி பஸ். பஸ் ஸ்டாண்டு வடக்கு வாசல்ல நில்லுங்க. அம்மாவுக்கு முட்டி வலி, கையைப் பிடிச்சு இறக்குங்க. பெட்டி ஏழு."

மனிதர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு வார்த்தை விடாமல் வாங்கிக்கொண்டார். விரல் விட்டுத் திருப்பியும் சொன்னார். "பதினோரு மணி பஸ். வடக்கு வாசல். முட்டி வலி, கையைப் பிடிச்சு இறக்கணும். பெட்டி ஏ... ஏழா? நாலு நாளைக்கு எதுக்கும்மா ஏழு பெட்டி?"

"பெட்டி ஏழுதாங்க. கட்டிலும் பீரோவும் பின்னாடி லாரியில வருது."