மறு ஏலத்துக்குப் போன ஜப்பான் மாதா

நான் முப்பத்தோரு வருடம் கிறிஸ்தவ வரலாறு படித்தவன். அதில் பத்தொன்பது வருடம் ஜப்பான், கொரியா மதங்கள். (எண்ணாமல் எனக்கு எதுவும் சொல்ல வராது.) இவ்வளவு படித்தவன் சொந்தச் சபையின் ஒரு வழக்கத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

ஜப்பானில் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில், விசுவாசிகள் சிலர் கன்னோன் என்ற பௌத்தத் தெய்வத்தின் சிலையை மாதாவாக எண்ணி இரகசியமாக வணங்கினார்கள். கையில் குழந்தையோடு நிற்கும் அப்படியொரு சாண் உயரப் பீங்கான் சிலையை, ஜப்பானியப் பேராசிரியர் ஒருவர் என்னை நம்பி எட்டு நாளுக்குக் கொடுத்திருந்தார். அவர் குடும்பச் சொத்து. திங்கட்கிழமை கொச்சியில் திருப்பித் தர வேண்டும். அவர் கையெழுத்திட்டால்தான் எனக்கு ஜப்பானில் மூன்று வருட ஆய்வுப் பணி.

அதற்கு முந்தைய நாள் எங்கள் ஆனைக்கரைச் சபையில் அறுப்பின் பண்டிகை. "அஞ்சு நிமிஷம் பேசுங்க சார்" என்றார் போதகர். சிலையைக் காணிக்கை மேசையில் பதினொரு பூசணிக்காய்களுக்கு நடுவே வைத்து, இருபத்தாறு நிமிடம் பேசினேன். இறங்கியதும் கணுக்காலில் அட்டை. உப்பு தேடி வெளியே ஓடினேன். திரும்பி வந்தபோது காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்கியிருந்தது. சபைச் செயலர் ஜேக்கப் அண்ணன் கையில் ஜப்பான் மாதா!

"அண்ணே, அது அடுத்தவர் பொருள்!" என்று அவர் காதில் கெஞ்சினேன்.

"மேசைக்கு ஜெபம் பண்ணியாச்சு சார். இனி கர்த்தருது. வேணும்னா வேற யாரையாவது ஏலத்துல எடுக்கச் சொல்லுங்க. வச்சவரே கேக்கப்படாது."

என் மனைவி ஜெசிக்குக் கைகாட்டினேன். அவள் கேட்டாள். தேயிலைக் கடைக்காரர் ஒருவர் விலையை ஏற்றிக் கேட்டார். ஏழு முறை ஏறியது.

"ஒருதரம்... ரெண்டுதரம்... மூணுதரம்! ஜெசி அம்மாவுக்கு!"

எல்லாரும் கைதட்டினார்கள். என் மனைவி ஏலத்தில் முதலில் எடுக்கும் பொருளைக் கர்த்தருக்கே திருப்பிக் கொடுப்பவள். இருபத்திரண்டு வருடப் பழக்கம்; இருபத்திரண்டு பூசணிக்காய். கைதட்டல் கேட்டதும் எழுந்து நின்று சொன்னாள்:

"மறு ஏலத்துக்கு விடுங்கண்ணே!"

கொடுத்தவள் மறுபடி கேட்கக் கூடாது. தேயிலைக் கடைக்காரர் அதற்குள் ஒரு சேவலோடு போய்விட்டார். போட்டிக்கு ஆளில்லாமல், கேட்ட முதல் விலைக்கே சிலை ஏலக்காய் பறிக்கும் தங்கம்மா அத்தைக்குப் போனது.

"கைதட்டுனதும் வாய் தானா சொல்லிட்டுங்க" என்று ஜெசி அழுதாள்.

ஏலக்காய்த் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று அத்தையின் வீடு. சாயங்காலம் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். பதினான்கு தடவை மன்னிப்புக் கேட்டேன்.

"ஏய்யா, ராசாவுக்குப் பயந்து அத்தன வருசம் ஒளிச்சு வச்சிருந்தாவன்னு நீதானே பேசுன? உன்னால ஒரு அரை மணி நேரம் பாத்துக்க முடியலியாக்கும்? பூசணிக்கா நடுவுல வச்சானாம்!"

"அத்தே, என் வேலையே இதுலதான் இருக்கு..."

"எனக்கு எதுக்குடா இது? பிள்ளையக் கையில வச்சுக்கிட்டு நிக்கா, கேக்க ஒரு நாதி இல்ல. பாவமா இருந்துச்சு, கேட்டேன்."

காய் பறிக்கும்போது இடுப்பில் கட்டும் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள்.

மறுநாள் கொச்சியில் பேராசிரியர் சிலையை முகர்ந்து பார்த்தார். ஏலக்காய் வாசனை! மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பையிலிருந்து பழைய தாள் ஒன்றை எடுத்தார். சிலையைக் காத்தவர்களின் பெயர்கள், மொத்தம் ஏழு. அத்தையின் பெயரைக் கேட்டு எட்டாவதாக எழுதினார்.

"எட்டு நாள் நானும் வைத்திருந்தேனே?" என்றேன்.

"நீங்கள் தூக்கிச் சுமந்தீர்கள். அவர்தான் காப்பாற்றினார்" என்று சொல்லிவிட்டு, என் பணி ஆணையில் கையெழுத்திட்டார்.

ஆயிற்று, பதின்மூன்று வருடம். தன் வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை சொல்லாமல் விடுவதில்லை:

"ஜப்பான்ல எம்பேரு எழுதி வச்சிருக்கு. மூணு வருசம் அங்கயே குடியிருந்துட்டு வந்தானே, அவம்பேரு இருக்கான்னு கேளு!"