கொழுப்பேறாத எலிகள்

நெய்யிலே குளிப்பாட்டாத குறையாக வளர்த்த எலிகளுக்குக் கொழுப்பு ஏறவில்லை. சிவதர்ஷன் இரத்தப் பரிசோதனை முடிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஆய்வுகூடத்தில் ஒரு கூட்டு எலிகளுக்குச் சாதாரணத் தீன். மற்றக் கூட்டுக்கு நெய், முட்டை மஞ்சட்கரு, தேங்காய்ப்பால் எல்லாம் பிசைந்து அவனே பிடிக்கும் உருண்டை. உருண்டை தின்ற எலிகளுக்குக் கொலஸ்ட்ரோல் எகிறும் என்று ஆய்வேட்டின் முடிவுரையை முன்கூட்டியே எழுதிவைத்த கெட்டிக்காரன் அவன். எலிகள் அதை வாசிக்கவில்லை போலும். இப்படியே போனால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் கைக்கெட்டிய விரிவுரையாளர் வேலையும் இல்லை. கொடிகாமத்தில் அவன் அம்மாவோ, வேலை கிடைத்துவிட்டதாகவே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

பேராசிரியர் ஆழ்வாப்பிள்ளையிடம் ஓடினான். அவருக்கோ கொலஸ்ட்ரோல் கூடுதல். மனைவி நாகேஸ்வரி கட்டிக்கொடுக்கும் குரக்கன் பிட்டும் அவித்த பாகற்காயும்தான் மத்தியானச் சாப்பாடு.

"பாரும், துளியும் மிச்சமில்லை," என்று வெறும் சாப்பாட்டுப் பெட்டியைக் காட்டினார். "மனிசனுக்கு நாக்கிலை கட்டுப்பாடு வேணும். எலிக்கு அது தேவையில்லை. நீர் நெய்யைக் கூட்டும்."

கூட்டினான். எலிகளுக்குக் கொழுப்புக் குறைந்தது.

"தீன் ருசியா இருக்க வேணும். சீனியும் ஏலக்காயும் போடும். கச்சான் கடலையை வறுத்து இடிச்சுப் போட்டால் இன்னும் நல்லம்."

"எலிக்கு ஏன் சேர் ஏலக்காய்?"

"நீர் எலியின்ரை மனசை விளங்கிக்கொள்ளேல்லை. அதுதான் உம்மடை ஆய்வு உப்பிடிக் கிடக்குது."

எலியின் மனசையும் விளங்கிக்கொண்டான். ஆய்வுகூடம் கலியாண வீடாக மணந்தது. கொழுப்பு இன்னும் இறங்கியது.

கூடு கழுவும் நீக்கிலாப்பிள்ளைமேல் அவனுக்குச் சந்தேகம் விழுந்தது.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உருண்டையை நீங்கள் எடுக்கிறனீங்களோ?"

"தம்பி, நான் குருநகரான். வீட்டிலை நண்டும் றாலும் கிடக்க, எலித்தீனைக் களவெடுத்துத் தின்ன எனக்கென்ன விசரே?"

அவர் கோபத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"அந்த மனிசனை நோகப்பண்ணிப் போட்டீர்," என்றார் பேராசிரியர். "இனிச் சாவி என்னட்டை இருக்கட்டும். மத்தியானத் தீனை நானே வைக்கிறன். அந்த நேரம் நீர் வரக்கூடாது. எலியள் மிரளும்."

இவ்வளவு பெரிய மனிதர் தன்னுடைய எலிகளுக்குத் தன் கையால் தீன் வைக்கிறாரே என்று சிவதர்ஷனுக்குக் கண் கலங்கியது. அடுத்த பரிசோதனையைப் பார்த்தபோது நிசமாகவே அழுகை வந்தது. உருண்டை எலிகள் சாதாரண எலிகளையும் தோற்கடித்திருந்தன. அவ்வளவு சுகதேகிகள் யாழ்ப்பாணத்து மனிதர்களிலேயே இல்லை. அவனுடைய பட்டம்தான் படுத்த படுக்கையாகிவிட்டது.

ஒருநாள் மத்தியானம் நாகேஸ்வரி கையில் ஒரு மருத்துவ அறிக்கையோடு கணவரைத் தேடி வந்தார்.

"வாங்கோ அன்ரி, சேர் எலியளோடை நிப்பார்," என்று அழைத்துப்போனான். எலிகள் மிரண்டாலும் பரவாயில்லை, இனி அவற்றுக்கும் அவனுக்கும் என்ன உறவு?

கதவு திறந்திருந்தது. பேராசிரியர் பின்புறக் குழாயடியில் நின்று கையையும் வாயையும் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீரே பாரும் தம்பி. எண்ணெயைக் கண்ணிலையும் காட்டுறேல்லை. ஆனாலும் இவருக்கு ஏறிக்கொண்டெல்லோ போகுது," என்று நாகேஸ்வரி அறிக்கையை நீட்டினார்.

சிவதர்ஷன் அறிக்கையை வாங்கிப் பார்த்தான். எலிகளுக்கு எப்படி ஏறும் என்று ஆய்வேட்டில் எழுதிவைத்திருந்தானோ, மாதாமாதம் அப்படியே பேராசிரியருக்கு ஏறியிருந்தது. தன் கணக்கு எங்கேயாவது சரிவந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டான். அதற்குமேல் ஒன்றும் விளங்கவில்லை. படித்த பிள்ளையல்லவா.

நாகேஸ்வரி உருண்டை எலிகளின் கூட்டடியில் குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"தம்பி, உதுகள் தின்னுறது நான் விடியக்காலமை அவிச்ச குரக்கன் பிட்டெல்லோ. அப்ப இவர் என்னத்தைத் தின்னுறவர்?"