பூஜ்ஜிய வேகத்தில் வீசிய சூறைக்காற்று

பயிர்க் காப்பீட்டுப் பத்திரம் முப்பத்தெட்டுப் பக்கங்களைக் கொண்டது. அதை முற்றாகப் படித்தவர் அவ்வூரில் ஒரே ஒருவர், வாழைத் தோட்டக்காரர். 'மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்றினால் சாயும் வாழைக்கு இழப்பீடு உண்டு' என்னும் விதியை அவர் தூக்கத்திலும் ஒப்பிப்பார். ஆகவே, சூறைக்காற்று வீசித் தார் தள்ளிய அறுநூறு வாழைகளும் தரையோடு தரையாகப் படுத்தபோது ஊரார் தலையில் கை வைத்தனர். அவரோ பத்திரத்தில் கை வைத்தார்.

காப்பீட்டு அலுவலர் பதிவேட்டைப் புரட்டினார்.

"அன்னைக்குக் காத்தே அடிக்கலையே."

"அடிக்கலையா? உங்க ஆபீஸ் பெயர்ப்பலகையே என் தோட்டத்துலதான் சார் கிடக்குது!"

"பலகை எங்க வேணும்னாலும் கிடக்கலாம். மொட்டைமாடிக் காற்றுமானியோட கணக்கு பூஜ்ஜியம்."

"அந்தக் காற்றுமானியைக் கொஞ்சம் காட்டுங்க."

"அதைக் காத்து தூக்கிட்டுப் போயிடுச்சு."

"எந்தக் காத்து?"

அலுவலர் பேனாவை மூடி வைத்தார். "விதண்டாவாதம் பேசாதீங்க பெரியவரே. கருவி அளந்தா அது காத்து. அளக்காம வீசினா அது உங்க சொந்த அனுபவம். அனுபவத்துக்கு இன்சூரன்ஸ் கிடையாது."

'வாழைகள் தாமாகவே படுத்தன' என்று எழுதி, முத்திரையும் குத்தி அனுப்பினார்.

வீட்டில் மனைவியார் வளையல்களைக் கழற்றி நீட்டினார். "அடகு வெச்சுக் கன்னு வாங்குங்க. முப்பத்தெட்டுப் பக்கம் படிச்ச நேரத்துல மரத்துக்கு நாலு முட்டுக் கொடுத்திருக்கலாம்."

இம்முறை ஒவ்வொரு வாழைக்கும் மூங்கில் முட்டு நின்றது. தார்கள் திரண்டன. இன்னும் ஒரு மாதத்தில் அறுவடை. அறுத்தால் வளையல் மீளும்.

இதற்கிடையே அலுவலகத்துக்குப் புதிய காற்றுமானி வந்து சேர்ந்தது. 'கருவி காற்றினால் சேதமுறா வண்ணம் பாதுகாப்பான இடத்தில் நிறுவப்படல் வேண்டும்' என்பது தலைமையகத்தின் ஆணை. ஆணையைச் சிரமேற்கொண்ட அலுவலர், அதைத் தம் அறையின் அலமாரி மேல் வைத்துச் சன்னல்களையும் சாத்தினார். சாத்திய அறை வெந்தது. மேசை விசிறி ஒன்று வாங்கப்பட்டது. ஒரு நண்பகலில், புழுக்கம் தாளாமல் அதை முழு வேகத்தில் சுழலவிட்டார்.

பதிவேட்டில் ஏறியது: அறுபத்திரண்டு கிலோமீட்டர்.

தலைமையகம் பதறியது. வட்டாரம் முழுமைக்கும் இழப்பீடு அனுமதிக்கப்பட்டது. அலுவலர் தோட்டத்துக்கே நேரில் வந்து, நிமிர்ந்து நின்ற அறுநூறு வாழைகளையும் வருத்தத்தோடு பார்த்தார்.

"பெரியவரே, இவ்வளவு பெரிய புயல் அடிச்சிருக்கு. உங்க மரம் மட்டும் ஏன் இப்படி நிக்குது?"

"புயலா? இலை கூட அசையலையே சார்!"

"பதிவேட்டையே மறுக்கறீங்களா? பக்கத்து ஊர்த் தோட்டமெல்லாம் நேத்தே விழுந்தாச்சு. மரம் விழலைன்னா பணமும் விழாது. விழுந்தா, போன தடவை விட்டதையும் சேர்த்துத் தரச் சொல்லியிருக்காங்க."

தோட்டக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்தார். 'பதிவேடே இறுதிச் சான்று.' பத்திரத்தை மரியாதையாக மடித்து வைத்துவிட்டு அரிவாளை எடுத்தார்.

"என்னங்க, நல்லா நிக்கிற மரங்க!" என்றார் மனைவி.

"தெரியுதுடி. எழுத்துல விழுந்தாச்சு. இனிமே நின்னு என்ன செய்யப்போவுது?"

ஊரே திரண்டு வந்து கேட்டது: "படிச்சவரே, எந்தப் பக்கமா சாய்க்கணும்?" அவர் பதிவேட்டைப் பார்த்துவரச் செய்து, மேற்கிலிருந்து கிழக்கு என்று அறுதியிட்டு உரைத்தார். பொழுது சாய்வதற்குள் ஒரு வாழைகூட விதியை மீறி நிற்கவில்லை.

இழப்பீடு வந்தது. வளையல்கள் மீண்டன. நன்றி மறவாத ஊர், அலுவலகத்துக்குப் பெரியதொரு நிற்கும் விசிறியை அன்பளிப்பாக வழங்கியது. விழாவுக்குத் தலைமை வகித்தவர் நம் தோட்டக்காரர்.

அலுவலர் நெகிழ்ந்துபோய்க் கேட்டார்: "அடுத்த புயலை எப்போ போடலாம், பெரியவரே?"

"கன்னு நட்ட மறுநாளே போட்டுடுங்க சார். வெட்டுற வேலை மிச்சம்."