ராணியின் மூக்கைத் தேய்த்த கதை

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பளபளக்காத பொருளைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான் (அந்த ஐந்தையும் முடித்தேனா என்பதில் எனக்கும் வாத்தியாருக்கும் கருத்து வேறுபாடு உண்டு). பாத்திரம் தேய்க்கும் கூலியாளாகச் சேர்ந்து, காரைக்குடி செக்காலையில் சொந்தமாகவே பாலிஷ் பட்டறை போட்டேன். என் பட்டறைக் குடத்தில் முகம் பார்த்துத் தலை சீவாத மாப்பிள்ளை காரைக்குடியிலேயே கிடையாது. (கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். கொஞ்சம்தான்.)

பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் சாமான்களோடு வெள்ளி ரூபாய்களும் வரும். பிடித்ததை வாங்கிச் சேர்த்ததில் நாற்பத்தொரு காசு தேறியது. எல்லாம் ராஜா, ராணி தலை போட்டவை. எல்லாம் கன்னங்கரேல்.

என் மகள் வள்ளி, கூடப் படித்த பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். பையனின் அப்பா தேவகோட்டையில் ஓய்வு பெற்ற சரித்திரப் பேராசிரியர், அலமாரி நிறையப் பழங்காசு சேர்த்து வைத்திருப்பவர். பட்டறைக்காரன் வீட்டிலா பெண் எடுப்பது என்று மனிதர் இழுத்துக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டுக் காசுகளைப் பற்றி வள்ளி சொன்ன பிறகுதான், ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றாராம். பெண்ணையா, காசையா என்று சொல்லவில்லை.

"அப்பா, காசைத் தொட்டுறாதீக. துணி வச்சுக்கூடத் துடைக்கக் கூடாதாம். அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பு. செல்லுல போட்டிருக்கான், பாருங்க" என்றாள் வள்ளி.

"அழுக்குக்கு மதிப்புன்னா, நம்ம பட்டறைச் சுவத்தைச் சுரண்டியே கோட்டை கட்டிருக்கலாமே!"

"படிச்ச புள்ள சொல்றதை ஒரு தடவையாச்சும் கேக்க மாட்டீகளா?" என்றாள் என் மனைவி அழகம்மை.

முப்பது வருஷ அனுபவத்துக்கு முன்னால் செல்போன் எம்மாத்திரம்? பாலிஷ்காரன் வீட்டுக் காசே இந்த லட்சணமா என்று வருகிறவர் நினைக்க மாட்டாரா? சனிக்கிழமை மத்தியானம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மோட்டாரில் சுற்றும் துணிச் சக்கரத்தில் பாலிஷ் சோப்பைத் தடவினேன். காசுக்கு ஒரு நிமிஷம். பிடிவாதக்கார ராணிகளுக்கு மட்டும் மூன்று.

மறுநாள் பேராசிரியர் வந்தார். காபியைக்கூடத் தொடாமல், "காசு எங்குட்டு இருக்கு?" என்றார். எவர்சில்வர் தாம்பாளத்தில் கொட்டி நீட்டினேன். ஜன்னல் வெயில் பட்டு அவர் கண் கூசியது. (நான் அழகம்மையை ஒரு பார்வை பார்த்தேன்.) பூதக்கண்ணாடியை எடுத்து ஒரு காசைப் பார்த்தார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"இதுல யாரு இருக்காக?"

"ராணி தாங்க."

"மூக்கைக் காணோமே?"

"வயசாகியிருக்கும்ல."

அடுத்ததை எடுத்தார். "இந்த ராஜாவுக்கு மூஞ்சியே இல்லையே?"

"ஆனா பளபளன்னு இருக்கு பாருங்க!"

"சட்டைப் பொத்தானும்தான் பளபளன்னு இருக்கு." பூதக்கண்ணாடி பைக்குள் போனது. "நூறு வருஷமா யாரும் செய்யாததை நீங்க ஒருத்தரே செஞ்சுட்டீக." எழுந்து செருப்பைத் தேடினார்.

வள்ளி கண்கலங்கி நின்றாள். பிள்ளையின் கல்யாணத்தையும் சேர்த்துத் தேய்த்துவிட்டேனோ?

அவள் உள்ளே ஓடினாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தவள் கையில் ஒரு துணி முடிச்சு. பிரித்தால் உள்ளே ஒரே ஒரு காசு, கறுப்பாக.

"எங்க அப்பாவைப் பத்தி எனக்குத் தெரியும் மாமா. ஒண்ணாச்சும் பிழைக்கட்டும்னு வெள்ளிக்கிழமையே எடுத்து ஒளிச்சுட்டேன்."

(நான் தேய்த்தது நாற்பதுதான் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.)

பேராசிரியர் அதை வெகுநேரம் பார்த்தார். மூக்கு இருந்தது. கிரீடத்து முத்துக்கூட இருந்தது. உட்கார்ந்து, ஆறிப்போன காபியைக் குடித்து முடித்தார்.

"இந்தப் பிள்ளை கையில என் காசெல்லாம் பத்திரமா இருக்கும். கல்யாணத்தை வச்சுக்கிருவோம். ஆனா ஒண்ணு, சம்பந்தி என் அலமாரிப் பக்கம் வரப்படாது."

சம்பந்தம் பேசும்போது எவ்வளவோ நிபந்தனை போடுவார்கள். பாலிஷ் போடக் கூடாது என்று நிபந்தனை வாங்கியவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். (அதிலும் முதலிடம்!)

இன்றும் தேவகோட்டைக்குப் போய் வாசலில் செருப்பைக் கழற்றினால், உள்ளே அலமாரி பூட்டும் சத்தம் கேட்கிறது. குளிப்பாட்டிய பேரனைத் துவட்டலாம் என்று நான் துண்டை எடுத்தால் போதும், வள்ளி அடுப்படியிலிருந்தே கத்துகிறாள்:

"அப்பா, மெதுவா! மூக்கு இருக்கட்டும்!"