முடிந்துபோன தடைக்கு ஓர் அப்பீல்

"முடிஞ்சு போன உத்தரவுக்கு யாராவது அப்பீல் போடுவாங்களாய்யா?" என்று வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நான் போடுறேன் சார்," என்றார் பூட்டுக்காரர்.

உத்தரவு இதுதான்: தொண்ணூறு நாளைக்குப் பூட்டுக்காரர் தன் அண்ணன் வீட்டுக்கு நூறடிக்குள் போகக்கூடாது. நேரிலோ ஆள் மூலமாகவோ இருவருக்கும் இடையே எந்தத் தகவலும் கூடாது.

அண்ணன் ஒண்டிக்கட்டை, இதயநோயாளி. மூன்று நாள் போனை எடுக்கவில்லை. பதறிப்போய் இரண்டு பஸ் மாறி ஓடிய பூட்டுக்காரர், தன் கம்பிகளால் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே பாய்ந்தார். அண்ணன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். விழித்தவர் நேரே கோர்ட்டுக்குப் போனார். கிடைத்த உத்தரவின் நகலை மாடிப்படிச் சுவரில் ஒட்டியும் வைத்தார்.

தொண்ணூறு நாளும் முடிந்துவிட்டது. பெயர்தான் மீளவில்லை. சொந்த அண்ணன் வீட்டையே திறந்தவர் என்று ஒருவரும் பூட்டுக்காரரை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. கடையில் ஈ ஓட்டினார். அதுகூடப் பரவாயில்லை. 'திருடனைப் போல் நுழைந்தான்' என்று அண்ணன் மனுவில் எழுதியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அண்ணனுக்கு என்னவோ ஏதோ என்று பதறித்தான் திறந்தான் என யாராவது ஒரு வரி எழுதித் தந்தால் போதும்.

அவர் போட்ட அப்பீல் மனு ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. 'உத்தரவு முடிந்துவிட்டது' என்று சீல் வேறு.

"உயிரோட ஒரு உத்தரவு இருந்தா கொண்டு வாய்யா. அப்பீல் போடலாம்," என்றார் வக்கீல்.

அவர் கடுப்பில் சொன்னதைப் பூட்டுக்காரர் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொண்டார்.

"மறை கழண்டுடுச்சா உங்களுக்கு?" என்றாள் மனைவி. "போய் அண்ணன்கிட்ட நல்லபடியா ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்களேன்."

"முதல்ல புது உத்தரவு. அப்புறம் அப்பீல். அதுக்கப்புறம்தான் பேச்சு!"

மறுநாளே போய் மணியடித்தார். கதவைத் தட்டினார். பதில் இல்லை. பஞ்சாகத்தான் இருக்கும். மாடி வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, பேயைக் கண்டதுபோல் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடிதம் எழுதினார்: 'செவிட்டு அண்ணனுக்கு, மறுபடியும் வருவேன். தைரியம் இருந்தால் கோர்ட்டுக்குப் போ.' அதைப் படிக்கட்டின் கீழிருந்த தபால் பெட்டியில் போட்டார். அடுத்த நாள் பார்த்தால் பெட்டி காலி.

"படிக்கிறான்டி!" என்று வீட்டில் வந்து குதித்தார்.

தினம் ஒரு கடிதம் போனது. ஆனால் திட்டுவதற்கு விஷயம் தீர்ந்துகொண்டே வந்தது. எட்டாவது கடிதத்தில், 'மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா இல்லையா?' என்று மட்டும்தான் இருந்தது. அதற்கும் அண்ணன் கோர்ட்டுக்குப் போகவில்லை.

ஒன்பதாம் நாள் கம்பிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பட்டப்பகலில் பூட்டை நோண்டினால் வராத உத்தரவா?

பூட்டு புதிது.

"எனக்குப் பயந்து புதுப் பூட்டா?" அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு ஊருக்கே கேட்கும்படி கத்தினார்: "பூட்டை உடைக்கப் போறேன்! யாராவது போலீஸைக் கூப்பிடுங்கய்யா!"

மாடி வீட்டு அம்மாள் இறங்கி வந்தாள். கையில் பிரிக்காத எட்டுக் கடிதங்கள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த உத்தரவைக் காட்டினாள்.

"என்னம்மா, வாயைத் திறந்து சொல்லுங்க!"

"ஆள் மூலமாவும் தகவல் கூடாதுன்னு போட்டிருக்குங்க. நாள் கணக்கு தீர்ந்தாலும், முடிஞ்சுதுன்னு கோர்ட்டுலேர்ந்து காகிதம் ஒண்ணும் வரலையே. நான் புள்ளகுட்டிக்காரி, எனக்கெதுக்கு கோர்ட்டு வம்பு?"

"அது எப்பவோ முடிஞ்சு போச்சும்மா. பாருங்க, சீலே இருக்கு!" அவர் மனுவை நீட்டினார்.

அவள் சீலை இரண்டு தடவை படித்தாள். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க அண்ணன் தவறிட்டாருங்க. புதுப் பூட்டு வீட்டு ஓனர் போட்டது."

பூட்டுக்காரர் கையிலிருந்த கம்பிகள் கீழே விழுந்தன. "எப்போ? எப்படி?"

"உள்ளே விழுந்து கெடந்துக்கிட்டு, 'என் தம்பியைக் கூப்பிடுங்க, அவன் நொடியில தொறந்துடுவான்'னுதாங்க கத்தினாரு; நாங்கதான், உத்தரவு முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கேன்னு வேற ஆளைத் தேடிப் போனோம்."