நாலு விரல் இடைவெளி

கஞ்சிக்கோட்டிலிருந்து வாளையார் வரை ஆணியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரே மனிதர் எங்கள் ஆப்பு அண்ணன்தான். எழுபதுகளில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் அவருக்குப் பாய்லர் அறையில் வேலை. ஷிஃப்ட் முடிந்தால் வீட்டுப் பின்புறச் சாய்ப்பில் மரவேலை. அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

நாற்காலி, பெஞ்சு, அலமாரி எதுவானாலும் துளை போட்டு, மர ஆப்பு செருகித்தான் பூட்டுவார். “ஆணி அடிச்சா மரத்துக்குக் காயமுங்க. கழட்ட முடியாதது என்ன சாமானுங்க?” என்பார். அவர் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்த ஒருவர், பெஞ்சில் துருத்திக்கொண்டிருந்த ஆப்பை உருவி முதுகு சொறிந்துவிட்டார். அடுத்த நிமிடம் மூன்று பேர் தரையில். ஓடி வந்த அண்ணன் தூக்கியது பெஞ்சை. “பாத்தீங்களா, ஒரு கீறல் இல்லீங்க!”

கேட்காமலே யோசனை சொல்வார். “ரம்பத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவுங்க, தலைக்கு அப்புறம் பாத்துக்கலாம்.” “இழைப்புளியை நிமித்தி வெக்காதீங்க, சாய்ச்சுப் படுக்க வெய்யுங்க. வாய் மழுங்கிரும்.” என் வீட்டில் இழைப்புளி நிமிர்ந்து நின்றதைப் பார்த்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மலையாள ஆசாரி ஒருவரிடம் தொழில் பழகியவர். அளப்பதற்கு அந்த ஆசாரி கொடுத்த மரக்கோல் ஒன்றுதான். அதை யாரும் தொடக் கூடாது. அதை வைத்துப் பூனையை விரட்டிய மனைவியை, கோலிடம் மன்னிப்புக் கேட்க வைத்தாராம்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, நாற்பது வயதில் எனக்கு மகள் பிறந்தாள். அவள் தும்மினால் எனக்குக் காய்ச்சல் வரும். விழாமல் தூங்க, சுற்றிலும் மரக்கம்பு வைத்த கட்டில் கேட்டேன்.

“கம்புக்குக் கம்பு எவ்வளவுங்க?”

“நாலு விரல் விடுங்கண்ணா. மூலைக்கு ஒரு ஆணியும் அடிச்சிருங்க, பயமா இருக்குது.”

“ஆணி வேணும்னா கடையில வாங்கிக்குங்க சார். கட்டிலை எங்கிட்டக் கேக்காதீங்க.”

ஆணியில்லாமலே கட்டில் வந்தது.

பாப்பாவுக்குப் பத்து மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி அலறினாள். “ஏனுங்க, பாப்பா தலை மாட்டிக்கிச்சுங்க!” இரண்டு கம்புக்கு நடுவில் தலை வெளியே, உடம்பு உள்ளே. காது தடுத்தது. வீறிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் ரம்பத்தோடு வந்தார். அதன் பல்லைப் பார்த்ததும் பாப்பாவின் தலையை இரண்டு கையாலும் மறைத்தேன்.

“ரம்பத்தக் கீழ போடுங்க!” என்று கத்திக்கொண்டே, அலறல் கேட்டு அடுத்த தெருவிலிருந்து ஓடி வந்த ஆப்பு அண்ணன் நுழைந்தார். நுழைந்தவர் குனிந்து, கோலை வைத்து அளந்தார். “நாலு விரல்தானுங்க. ஒரு மயிரிழை பிசகலை!”

என் மனைவி கோலைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தாள். “அண்ணா, முதல்ல புள்ளைய எடுங்க!”

மரச்சுத்தியால் இந்த மூலையில் ஒரு தட்டு, அந்த மூலையில் ஒரு தட்டு. ஆப்புகள் தெறித்தன. கட்டிலின் மேல்கட்டை பெட்டி மூடிபோல் எழுந்தது. கம்புகள் விலகின. பாப்பா என் கையில் இருந்தாள். நான் கேட்ட ஆணியை அவர் அடித்திருந்தால்?

பாப்பாவை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கையை அவர் முன் நீட்டினேன். “நான் சொன்னது இந்த நாலு விரல்!”

அவர் கோலைப் பொறுக்கி வந்து என் விரல்களைப் பக்கத்தில் வைத்தார். ஆசாரிக் கோலில் ‘விரல்’ என்பது ஒரு அளவு. ஒன்றே கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. என் நாலு விரல், அதில் மூன்றைக்கூட எட்டவில்லை.

“மனுசன் விரலுக்கு ஆளுக்கொரு தடிமனுங்க. அதை எவன் அளவுல சேர்ப்பான்?” என்று ஆரம்பித்தவர், பாப்பாவின் சிவந்த காதைப் பார்த்தார். கட்டிலைக் கழற்றி அப்படியே தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் அது திரும்பி வந்தபோது கம்புகள் இரு மடங்கு இருந்தன.

இது எண்பத்தேழாம் வருஷம்; மகள் இப்போது நாலாம் வகுப்பு. அண்ணன் சாய்ப்பில் இன்றும் அந்தக் கோல் தொங்குகிறது. யாரையும் தொடவிடாத அந்தக் கோலில், மூன்றாவது விரல் கோட்டுக்குச் சற்று முன்னால், ஆசாரி போடாத ஒரு கோட்டை அவரே உளியால் கீறி வைத்திருக்கிறார். என்ன அளவு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்.

“அது பாப்பா அளவுங்க.”