நன்னடத்தைச் சான்று பெற்ற தேள்

எங்கள் ஊரில் நாய் வளர்ப்பது பழசாகிவிட்டது. பூனைக்கும் மவுசு போய்விட்டது. இப்போது கௌரவமான வீடு என்றால் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியும் அதற்குள் ஒரு தேளும் இருக்க வேண்டும். தையல்காரர் வீடும் கௌரவமாக இருக்கட்டும் என்று அவருடைய மைத்துனர் ஒரு தேளைப் பரிசாகக் கொண்டுவந்தார்.

தையல்காரருக்குத் தேள் புதுசு. ஆனாலும் கவனமான மனிதர். நான்கு விரல் உயரத்துக்கு மணல் போட்டார். ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை, பாட்டில் மூடியில் தண்ணீர், வாரத்துக்கு ஒரு கரப்பான்பூச்சி. கையால் தொடக் கூடாது. தேள் வளர்ப்பு இவ்வளவுதான். மீதியெல்லாம் அலுவலகம்.

செல்லப்பிராணிகள் பதிவு அலுவலகத்தில் ஒரு நன்னடத்தைத் தேர்வு உண்டு. மூன்று வாய்ப்புகள். மூன்றிலும் தவறினால் பிராணி 'பொதுநலன் கருதி அப்புறப்படுத்தப்படும்'. தேள் விஷயத்தில் அதற்குச் செருப்பு என்று பொருள்.

விண்ணப்பம் நாய்களுக்காக அச்சடித்தது.

"குரைக்குமா?" என்றார் எழுத்தர்.

"குரைக்காதுங்க."

"வாலை ஆட்டுமா?"

"தூக்கும். தூக்கினா நாம தள்ளி நிக்கணும்."

"ஆட்டும்னு போட்டுக்கறேன்."

"அதிகாரியைப் பார்க்கலாங்களா?"

"பார்த்துட்டுத்தானே இருக்கீங்க." எழுத்தர் பேனாவால் ஒரு நாற்காலியைக் காட்டினார். அதன் முதுகில் ஒரு கோட் தொங்கியது. "கோட் இருந்தா ஐயா இருக்காரு. வருகைப் பதிவேட்டிலயும் அப்படித்தான்."

தையல்காரர் கோட்டை உற்றுப் பார்த்தார். அவர் தைத்ததுதான். ஆறு வருஷமாகியும் முழங்கைப் பக்கம் கொஞ்சமும் தேயவில்லை.

பேனாவால் தட்டினால் ஐந்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும் என்பதே தேர்வு. முதல் முறை தேள் பேனாவைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. இரண்டாம் முறை வாலைத் தூக்கியது. அந்த முடிவை எழுத்தர் மேசை மேல் ஏறி நின்றபடி அறிவித்தார்.

அதற்குப் பிறகு தேள் சாப்பிடவில்லை. பட்டைக்கு அடியிலேயே கிடந்தது. தையல்காரர் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

"நான் ரெண்டு நாள் சாப்பிடலைன்னா இப்படி உட்கார்ந்து பார்ப்பீங்களா?" என்றாள் மனைவி.

மூன்றாம் தேர்வு நாளன்று காலையில் பெட்டிக்குள் இரண்டு தேள்கள் இருந்தன. ஒன்று வெளிறி, மெத்தென்று கிடந்தது. மற்றதற்குக் கால் எட்டு, இடுக்கி இரண்டு, கொடுக்கு எல்லாம் இருந்தன. உள்ளே மட்டும் ஒன்றும் இல்லை. வளரும் தேள் பழைய மேலோட்டைத் தலைப்பக்கம் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். புது உடம்பு கெட்டிப்பட நாளாகும். அதுவரை அதை அசைத்தால் செத்துப்போகும்.

தேர்வு பத்து மணிக்கு. தையல்காரர் யோசித்தார். காலியான மேலோட்டை ஒரு பொத்தான் டப்பாவில் பஞ்சு வைத்து எடுத்துப் போனார்.

எழுத்தர் தட்டினார். ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று.

"இருபத்து மூணு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஒழுக்கத்தை நான் பார்த்ததில்லை. தராசுதான் எடை காட்டமாட்டேங்குதே?"

"கொஞ்சம் இளைச்சிருக்குங்க."

சான்றிதழ் தயாரானது: 'எந்நிலையிலும் அசையாதது. எவரையும் கொட்டாதது. ஏனைய பிராணிகளுக்கு முன்மாதிரி.' எழுத்தர் கோட்டின் பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்திவிட்டு, மறுபடியும் பையில் வைத்தார். "ஐயாவே போட்டுட்டாரு."

மூன்று வாரம் கழித்து, காலை பதினோரு மணிக்கு, அதிகாரி தையல்காரர் வீட்டுக்கு வந்தார்.

"இன்னொரு கோட் வேணும். இருக்கிற கோட் நாற்காலிக்கே சரியாப் போயிடுது. வெளியில போட்டுக்க ஒண்ணுமில்லை."

அளவு கொடுக்கும்போது சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ் கண்ணில் பட்டது. "ஓ, இதுதான் நம்ம முன்மாதிரியா?" என்று பெட்டியைத் திறந்தார்.

"ஐயா, கை வைக்காதீங்க."

"எழுத்துல இருக்கும்போது என்னய்யா பயம்?"

அவர் ஒரு விரலால் அதைத் தடவிக்கொடுத்தார். தேள் சான்றிதழைப் படித்திருக்கவில்லை.

விஷம் லேசானதுதான். ஆனாலும் அதிகாரி தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கே இதை அப்புறப்படுத்தறேன் பாரு" என்றார். தையல்காரர் பெட்டியை மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

மறுநாள் அதிகாரி நேரிலேயே அலுவலகம் போனார். வாசல் காவலாளி, யார் என்ன என்று விசாரித்துத்தான் உள்ளே விட்டார். எழுத்தர் புகார்ப் படிவத்தை எடுத்தார்.

"எங்க கொட்டுச்சுங்க?"

"தையல்காரன் வீட்டில. நேத்து பதினோரு மணிக்கு."

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். "பதினோரு மணிக்கு நீங்க இங்க இருந்திருக்கீங்களே."

"கோட் இருந்திருக்கும்யா."

"அதைத்தான் சொல்றேன். அப்புறம், அந்தத் தேள் எவரையும் கொட்டாது. முத்திரை உங்களுது. அங்க போகாத உங்களை, கொட்டாத தேள் கொட்டிடுச்சுன்னு எழுதலாம். எழுதினா விசாரணை வரும். முதல் விசாரணை உங்க மேலதான்."

அதிகாரி கட்டுப் போட்ட விரலைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"ரொம்ப வலிக்குதுங்களா?"

"எது?" என்றார் அதிகாரி.

தேள் பிழைத்தது. ஆனால், கோட்டுக்கு இவ்வளவு பலம் உண்டு என்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த வாரமே ஆளுக்கொரு கோட் தைக்கக் கொடுத்தார்கள். காவலாளி வாசல் முக்காலிக்கு ஒன்று கேட்டார். தையல்காரர் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு மாதமாகியும் ஒரு கோட்டுக்குக்கூடக் கை தைத்தபாடில்லை.

தன் கோட் என்னாயிற்று என்று கேட்டுப்போக அதிகாரி வந்தார். தையல் எந்திரத்துக்கு முன்னால் நாற்காலியில் ஒரு சட்டை மட்டும் தொங்கியது.

"அவர் இல்லையா?"

மனைவி நூல் பிரிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்: "இருக்காரே. சட்டை தொங்குதுல்ல."

அதிகாரி அந்தச் சட்டையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதனிடம் மரியாதையாக, "அவசரமில்லை, மெதுவாவே தைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் பின்னால் தையல்காரர் ஒரு கரப்பான்பூச்சியைத் துரத்திக்கொண்டிருந்தார். அன்று தேளுக்குச் சாப்பாட்டு நாள்.